கிட்டாருக்குள் போட்ட முடிச்சு

எங்கள் வீட்டில் நான்கு தறிகளும் ஒரு கிட்டாரும் இருந்தன. தறிகள் நைனாவுடையவை, கிட்டார் மாமாவுடையது. கரண்டில் ஓடும் தறிகள் அவை. நான்கும் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. அதனால் மாமா கிட்டார் வாசிக்க வேண்டுமானால் நைனா தறியை நிறுத்த வேண்டும். தறி நின்றால் அன்றைக்கு நெய்வது குறையும். கிட்டார் வந்த நாள் முதல் வீட்டில் இதே பேச்சுதான்.

ஆந்திராவில் நகரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நைனா என்றால் அப்பா, மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்களோடேயே இருந்தார். இரண்டு தறியை அவர் பார்த்துக்கொண்டார், இரண்டை அம்மா. ஆனால் மாமாவின் மனசு திருப்பதியில் இருந்தது. அங்கே கல்யாண மண்டபங்களில் பாட்டுக் கச்சேரி செய்யும் ஒரு குழு இருந்தது. அதை நடத்திய மாஸ்டர், சொந்தமாகக் கிட்டார் இருந்தால் வா, சேர்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். மாமா எங்கேயோ விசாரித்துப் பழைய எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றை வாங்கி வந்தார். கறுப்பு நிறம். ஒரு மூலையில் பெயிண்ட் உரிந்து மரம் தெரியும். ஒயரைச் சொருகி ஸ்பீக்கர் பெட்டியோடு சேர்த்தால்தான் அதற்குக் குரல் வரும். வந்த குரலில் பாட்டைவிடக் கரகரப்புதான் அதிகம். மாஸ்டர் ஒருமுறை கேட்டுவிட்டு, இதைச் சரிசெய்துகொண்டு வா, இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மே மாதம். எனக்கு ஏழு வயது, பள்ளிக்கூடம் லீவு. மறுநாள் சாயங்காலம் திருப்பதியில் ஒரு கல்யாண ரிசப்ஷன். மாமா முதன்முதலாக மேடை ஏறப்போகிறார். அன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மாவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"நீ திருப்பதிக்குப் போயி ஆடிக்கினு இரு. இங்க ரெண்டு தறிய யார்ரா ஓட்றது, என் தலையா? அந்தக் கிட்டார் கட்டை ஊமையாப் போவ!"

"நாந்தான் இங்க ஊமையாக் கீறனே, அது வேறயா? சோத்தப் போடுக்கா" என்றார் மாமா.

அம்மா போட்டாள். இரண்டு கரண்டி அதிகமாகவே போட்டாள். ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான்.

மறுநாள் விடிந்ததும் மாமா கிட்டாரின் முதுகைத் திறந்து, உள்ளே இருந்த பழைய ஒயர்களையெல்லாம் எடுத்துவிட்டு வேறு ஒயர் போட்டார். மைக்செட் வாடகைக்கு விடும் ஒருவர் ஊரில் இருந்தார். அவர் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் படம் போட்டுக் கொடுத்திருந்தார். அதைப் பார்த்துப் பார்த்து மாமா ஈயம் வைத்துப் பற்றவைத்தார். வேலை முடிந்ததும் அந்த மைக்செட்காரரிடமிருந்தே ஸ்பீக்கர் பெட்டி வாங்கிவரக் கிளம்பினார். என்னைப் பார்த்து, "தொட்டே, கைய முறிச்சிருவேன்" என்றார். அதுவரைக்கும் எனக்குத் தொடவேண்டும் என்றே தோன்றவில்லை.

கிட்டாரின் விளிம்பில் ஒயர் சொருகும் ஓட்டை இருக்கிறது அல்லவா, அதைச் சுற்றி ஒரு சின்னத் தகடு இருந்தது. அதன் திருகாணியை மாமா இன்னும் முடுக்கவில்லை. மெல்ல இழுத்துப் பார்த்தேன். தகடு வெளியே வந்தது. பின்னாலேயே மரத்தின் துளைக்குள்ளிருந்து ஒரு சிவப்பு ஒயரும் ஒரு கறுப்பு ஒயரும் வந்தன. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். சிவப்பு அறுந்துவிட்டது.

பிள்ளைகளே, நான் உடனே அழவில்லை. ஏனென்றால் அறுந்ததற்கு என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியும். தறிக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு எழுத்து வருவதற்கு முன்பே முடிச்சு வந்துவிடும். இழை அறுந்தால் இரண்டு முனையையும் சேர்த்துச் சின்னதாக ஒரு முடிச்சு. முடிச்சு பெரிதானால் தறியில் மாட்டி மறுபடியும் அறும். அம்மா தறிக்குப் பக்கத்தில் என்னை நிறுத்திவைத்துப் பழக்கியிருந்தாள். அதே முடிச்சைச் சிவப்பு ஒயரில் போட்டேன். நீட்டிக்கொண்டிருந்த முனைகளைப் பல்லால் கடித்தேன். நூலுக்குச் செய்வதுபோல எச்சில் தொட்டு நீவினேன். துளைக்குள் தள்ளித் தகட்டை வைத்தேன். இழுத்துப் பார்த்தேன், அறவில்லை. எனக்கே சந்தோஷமாக இருந்தது. எங்கள் வீட்டில் அறுந்த இழை சேர்ந்துவிட்டால் அது முழு இழைதான். அதற்குமேல் யாரும் அதைப்பற்றிப் பேசமாட்டார்கள்.

மாமா பெட்டியோடும் மைக்செட்காரரோடும் வந்தார். தகட்டை முடுக்கினார், தந்திகளை மாட்டினார், ஒயரைச் சொருகினார். நைனா தறிகளை நிறுத்தினார்.

"பத்து நிமிசம். அதுக்குமேல கேக்காத."

மாமா தந்தியைத் தட்டினார். ஒன்றும் வரவில்லை. பெட்டி மட்டும் 'உம்ம்' என்று இரைந்தது.

"இன்னாடா, கரகரப்பு போயிருச்சே! நல்லாத்தான் சரி பண்ணிக்கீற" என்றார் நைனா. வேறு யாரும் சிரிக்கவில்லை.

மைக்செட்காரர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். தமிழும் தெலுங்கும் அவருக்கு ஒரே மூச்சில் வரும். "ஆகு ரா, ஆகு" என்று மாமாவின் கையைப் பிடித்து நிறுத்தினார். கிட்டாரிலிருந்து ஒயரைப் பிடுங்கி அதன் நுனியைத் தன் விரலால் தொட்டார். பெட்டி 'பொர்ர்' என்று அலறியது. "பெட்டி நல்லாக் கீது. ஒயரும் நல்லாக் கீது. கோளாறு உன் கட்டையிலதான்" என்றார்.

மறுபடியும் முதுகைத் திறந்தார்கள். காலண்டர் தாளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஒயராக ஒப்பிட்டார்கள். எல்லாம் படத்தில் இருந்தபடியே இருந்தது. ஈயம் சரியாகப் பிடிக்கவில்லையோ என்று எல்லா இடத்தையும் மறுபடி சூடுபண்ணிப் பற்றவைத்தார் மாமா. சத்தத்தைக் கூட்டும் குமிழை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினார்கள். பத்து நிமிடம் முடிந்ததும் நைனா தறியைப் போட்டுவிட்டார். அரை மணி கழித்து மாமா கும்பிட்டபிறகு நிறுத்தினார். தட்டினார்கள். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் தறி, மறுபடியும் கும்பிடு. குழுவின் வேன் நான்கு மணிக்கு வந்துவிடும். மாமாவின் சட்டை முழுக்க நனைந்திருந்தது. நானும் கூடவே உட்கார்ந்து, மாமா எங்கே தப்பு செய்திருப்பார் என்று உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். என் முடிச்சின்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கரண்டு போயிற்று. தெரு முழுக்கத் தறிகள் நின்றன. இப்போது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தட்டிக் கேட்கலாம். ஆனால் பெட்டிக்குக் கரண்டு இல்லை.

மாமா தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். மைக்செட்காரர் மட்டும் விடவில்லை. டார்ச்சைக் கழற்றி இரண்டு செல்லையும் பல்பையும் எடுத்துத் துண்டு ஒயரால் சேர்த்தார். இரண்டு முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கிட்டாருக்குள் இருக்கும் ஒரு ஒயரின் இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் இன்னொன்று. ஒயர் நன்றாக இருந்தால் பல்பு எரியும். ஒவ்வொன்றாக வைத்தார். எரிந்தது. எரிந்தது. குமிழிலிருந்து வெளித்தகட்டுக்குப் போகும் சிவப்பில் வைத்தார். எரியவில்லை.

"தொரிகிந்தி ரா தொங்கா!" திருடன் அகப்பட்டான் என்று தெலுங்கில் கத்திவிட்டு, தகட்டைக் கழற்றித் துளைக்குள்ளிருந்து ஒயரை இழுத்தார்.

தறி நின்றிருந்ததால் அம்மாவும் வந்து நின்றாள். பெரியவர்கள் மூவரும் குனிந்துவிட்டதால் எனக்கு அவர்கள் முதுகுதான் தெரிந்தது. மைக்செட்காரரின் சிரிப்பு மட்டும் கேட்டது.

"மேல இருக்கிற பிளாஸ்டிக்கோட முடிச்சு போட்டுக்கீது! உள்ள கம்பிக்கு கம்பி தொடவே இல்ல, கரண்டு எப்பிடிரா போவும்? இது ஒயர்மேன் வேலை இல்ல. தறிக்காரங்க வேலை."

மாமா அந்த முடிச்சை வாங்கிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அவ்வளவு சின்ன முடிச்சு போடத் தெரிந்தவள் அந்தத் தெருவிலேயே அம்மாதான். முந்தின நாள் சொன்ன வார்த்தையும் அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

"மாமா…" என்று ஆரம்பித்தேன். அம்மா திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"நாந்தான்டா" என்றாள் மாமாவிடம். "பெருக்கும்போது மாட்டி அறுந்துபோச்சு. கட்டி வெச்சேன்."

"சொல்றதுக்கு வாய் இல்லியாக்கா?"

"மறந்துட்டேன்."

"மறந்துட்டியா. சரி."

அவ்வளவுதான் பேச்சு. நைனா எழுந்து வெளியே போய்விட்டார். மைக்செட்காரர் முடிச்சை வெட்டி எறிந்தார். ஒயரின் தோலைப் பல்லால் உரித்துக் கம்பியையும் கம்பியையும் முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றினார். ஈயம் வைக்கக் கரண்டு இல்லை. தட்டிக் கேட்கவும் கரண்டு இல்லை. நான்கு மணிவரைக்கும் வரவே இல்லை.

எனக்கோ வேறு கவலை பிடித்துக்கொண்டது. அம்மா பொய் சொல்ல மாட்டாள். பல்பம் எடுத்துவிட்டு இல்லை என்று நான் சொன்னதற்காக ஒருநாள் என்னை வெயிலில் நிற்கவைத்தவள் அவள். அப்படியானால் அம்மாவும் ஒரு ஒயரை அறுத்து முடிச்சு போட்டிருக்கிறாள். வெட்டி எறிந்தது அவள் முடிச்சு. என்னுடையது இன்னும் உள்ளேதான் இருக்கிறது! சிவப்பு ஒயர் ஒன்றா இரண்டா என்பது எனக்கு நினைவில்லை. பிளாஸ்டிக்கோடு கட்டினால் கரண்டு போகாது என்று இப்போது தெரிந்துவிட்டது. என் முடிச்சும் அப்படித்தானே? மாமா அத்தனை பேர் முன்னால் மேடையில் நின்று தட்டுவார், ஒன்றும் வராது.

வேன் வந்தது. மாமா கிட்டாரைத் துணியில் சுற்றிக்கொண்டு ஏறினார். நைனாவிடம் சொல்லிக்கொண்டார். அம்மா வாசலில் நின்றாள், அவளிடம் சொல்லவில்லை. நான் வேன் பக்கத்தில் ஓடி, "மாமா! மாமா, ஒயரு…" என்றேன். இன்ஜின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

"இன்னாடா, லட்டா? வாங்கினு வரேன், போ!"

கரண்டு ஐந்து மணிக்கு வந்தது. தறிகள் ஓட ஆரம்பித்தன. மாமாவின் இரண்டு தறியையும் சேர்த்து அம்மா நான்கையும் பார்த்தாள். நான் எதுவும் தின்னாமல் நைனாவின் பட்டன் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மணி வாக்கில் அடித்தது. தறிச் சத்தத்துக்கு நைனா போனோடு தெருவுக்கு ஓடினார். பின்னாலேயே நான்.

"வந்துச்சாம்! மொத பாட்டுக்கே சத்தம் கணீர்னு வந்துச்சாம்! மாஸ்டர் அடுத்த வாரமும் வரச் சொல்லிட்டாராம்!"

போனை என் காதில் வைத்தார். மாமா சிரித்துக்கொண்டே என்னவோ கத்தினார். பின்னால் மேளமும் கூட்டமும் கேட்டன. அம்மா தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டே வந்து கையை நீட்டினாள். "மாமா, அம்மா பேசறாங்களாம்" என்றேன். மாமாவின் சிரிப்பு நின்றது. பிறகு கட் ஆகிவிட்டது. லைன் போயிருக்கும் என்றார் நைனா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மாமா திருப்பதியிலேயே தங்கிவிட்டார். அம்மாவிடம் அவர் பேசியது பொங்கலுக்குத்தான். அந்த முடிச்சு யாருடையது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் அவரே தெரிந்துகொள்ளப் போகிறார்.

அன்றைக்கோ எனக்குத் தலைகால் புரியவில்லை. என் முடிச்சு உள்ளே இருந்தும் கிட்டார் பாடிவிட்டது! அப்படியானால் என் முடிச்சு கரண்டு போகிற முடிச்சு. அம்மா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாவமாக இருந்தது. அவள் புடவையைப் பிடித்து இழுத்து, காதுகிட்ட போய்ச் சொன்னேன்:

"உன் முடிச்சு சரியில்லம்மா, அதான் காலைல கிட்டார் கேக்கல. அடுத்த வாட்டி ஒயர் அறுந்தா என்னிய கூப்புடு. நான் கட்டித் தரேன்."

அம்மா குனிந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"சரிடா, கூப்புடறேன்" என்றாள்.

அம்மாவுக்கே ஒரு வேலை சொல்லிக்கொடுத்துவிட்ட பெருமையில் அன்று நான் இரண்டு தோசை கூடுதலாகத் தின்றேன்.