குண்டூசி மேல் விழுந்த பழி

தைப்பதற்கு முன் துணியை மடித்துப் பிடிக்கும் குண்டூசிகளை அவள் உதட்டோரத்தில் கடித்துக்கொள்வாள். கொண்டை வெளியே, முனை உள்ளே. ஒன்றை உருவினால் மற்றது அசையாது. வாயில் ஊசியோடே அளவு கேட்பாள், பக்கத்துக் கடைப் பூட்டுக்காரருக்குப் பதிலுக்குப் பதில் கொடுப்பாள். தெருவே அவளை ‘ஊசிவாய்’ என்றுதான் கூப்பிட்டது.

அதனால், இரண்டு வயது மகள் ஒரு மத்தியானம் சோறு வாங்காமல் எச்சில் ஒழுக நின்றபோது, வீடு விசாரணையே வைக்கவில்லை. நேராகத் தீர்ப்புக்குப் போய்விட்டது.

“அம்மாவைப் பாத்துத்தானே பிள்ளை கத்துக்கும்? குண்டூசியத்தான் முழுங்கியிருக்கு” என்றாள் மாமியார்.

“ஊசி டப்பா கடையிலேயே பூட்டிக் கிடக்குது, அத்தை.”

“வாயைப் பூட்டினியா?”

நாத்தனார் சிரித்துவிட்டாள். மாமியார் சோற்றை உருட்டிக்கொண்டு வந்தாள். மீன் முள் சிக்கினால் அந்த வீட்டில் அப்படித்தான் தள்ளுவார்கள். ஊசிவாய் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்வாங்கினாள்.

“ஊசின்னு நீங்களே சொல்றீங்க. அதை உருண்டை வெச்சு எங்க தள்ளப் போறீங்க? இவ வாய்கிட்ட யார் கையும் வரக் கூடாது.”

“நான் நாலு பெத்தவ.”

“இவளைப் பெத்தது நான்.”

“இந்த ஊசிப் பொழப்பை இன்னியோட விட்டுடறேன்னு சொல்லிட்டுப் போ” என்று நாத்தனார் வாசலை மறித்தாள்.

“விடமாட்டேன் அண்ணி. வழியை விடுங்க.”

உள்ளறையிலிருந்து வந்த கணவன் செருப்பை மாட்டிக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். ஊசி இல்லை. தொண்டைக்குக் கீழே, அமாவாசையில் தவறி வந்த நிலாவைப் போல ஒரு வெள்ளை வட்டம். டாக்டரம்மா அதன் ஓரத்தையே பார்த்தார்.

“காசு மாதிரி தெரியுது, ஆனா ஓரத்துல ரெண்டு வளையம் இருக்கு. பட்டன் பேட்டரிம்மா. சிக்கின இடத்தை வேக வெச்சிடும், உடனே எடுக்கணும். சாப்பிட ஏதாவது குடுத்தீங்களா?”

“குடுக்க விடலை.”

“நல்லது. அப்படியே இருக்கட்டும்.”

எடுத்துவிட்டார்கள். ஆனாலும் உணவுக்குழாய் வெந்திருந்தது. மூக்கு வழியாக விட்ட குழாயில்தான் பால் இறங்கியது. புண் ஆறிய இடம் தழும்பாகச் சுருங்கி வழி குறுகிப்போக, மயக்கம் கொடுத்து அதை விரிப்பதற்காகத் திரும்பத் திரும்பப் போக வேண்டியிருந்தது. “ஊசியோ பேட்டரியோ, கடை கடைன்னு ஓடினதாலதானே வந்துச்சு” என்று மாமியார் அதே பழியைப் பிரித்து வேறு அளவில் தைத்தாள்.

ஊசிவாய் கடையை விட்டுவிடவில்லை. ஆஸ்பத்திரி இல்லாத நாளெல்லாம் மிஷினுக்குப் பக்கத்தில் பாய் விரித்து மகளை உட்காரவைத்துக்கொண்டாள். ஊசிகளை மட்டும் மணிக்கட்டில் கட்டிய பஞ்சுப் பொதிக்கு மாற்றினாள்.

“என்ன, பயந்துட்டியா?” என்றார் பூட்டுக்காரர்.

“வாய் காலியா இருந்தாத்தான் அண்ணே, திட்ட வசதி.”

பேட்டரி எங்கிருந்து வந்தது என்று வீட்டில் யாரும் கேட்கவேயில்லை. மகள் முதன்முதலாக ஒரு துண்டு ரொட்டியை மென்று விழுங்கிய நாளில்தான், டிரைவர் வேலை பார்க்கும் கணவன் வாயைத் திறந்தான். முதலாளியின் கார் சாவிக்குப் புது பேட்டரி போட்டுவிட்டுப் பழையதை ஜன்னல் கட்டையில் வைத்தது அவன்தான். அன்று கூடத்தில் எல்லோரும் குண்டூசியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அவன் உள்ளறையில் கட்டிலுக்கடியில் காணாமல்போன அந்தப் பேட்டரியைத் தேடிக்கொண்டிருந்தான்.