சத்தியம் செய்யாத ஜெஸி

கற்பூரத்தை ஜெஸி ஊதி அணைத்தாள் என்பது பொய். சொல்லுகிறவர்களில் பாதிப் பேர் அன்றைக்கு இசக்கியம்மன் கோயில் வாசலுக்கே வரவில்லை. கண்ணால் பார்த்ததாகச் சொல்லுகிற இசக்கிசெல்வி நின்றாளே என்பீர்கள். நின்றாள், பந்தலுக்கு அந்தக் கோடியில், குடைக்குள்ளே. அங்கிருந்து ஜெஸியின் முதுகுதான் தெரியும். முதுகைப் பார்த்தவள் வாயைப் பற்றிச் சாட்சி சொல்லலாமா?

ஜெஸி ஊராட்சித் தலைவர் தேர்தலில் தோற்றது உண்மை. பத்தொன்பது ஓட்டு வித்தியாசம். அதை யாரும் மறைக்கவில்லை. அதற்காகத் தோற்றவள் தலையில் எதையும் தூக்கி வைக்கலாம் என்று இருக்கிறதா? நடந்ததைக் கேளுங்கள்.

அவள் பிறந்தது புளியங்குடியில். அப்பாவுக்கு எலுமிச்சை மண்டியில் காய் பிரிக்கிற வேலை. சின்ன வயதிலேயே அவளும் சாக்கை விரித்து உட்கார்ந்து பிரித்தவள்தான். கண்ணுக்குத் தப்பி அடிபட்ட காய் ஒன்று நல்ல குவியலில் விழுந்துவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. அப்படி ஒரு பிறவி. இலஞ்சிக்குக் கிழக்கே இருக்கிற ஆலடிப்புதூருக்கு வாக்கப்பட்டு வந்தாள். புருஷன் ஞானதுரை குற்றாலத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிறவர். சீசன் வந்துவிட்டால் மனுஷன் வீட்டுக்கு வருவதே எண்ணெய் வாசனையாகத்தான்.

ஊர்த் தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிடுகிற வேலை ஜெஸிக்குக் கிடைத்தது. பதினோரு வருஷம் பார்த்தாள். விடியுமுன் தொட்டிக்கு அடியில் நின்று ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணுவாள். பிறகுதான் வால்வைத் தொடுவாள். மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏற நேரமாகும் என்று ஒன்றரை மணி நேரம் விடுவாள். பள்ளத்தில் இருக்கிற சர்ச் தெருவுக்கு முக்கால் மணி நேரம்தான். அவள் வீடே சர்ச் தெருவில். ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாமியாரே வந்து நின்றாள்.

"இன்னொரு கால் மணி நேரம் விடேன்ட்டி. பலகாரம் சுட வேண்டாமா?"

"குடத்தைத் தாங்க மாமி. மேட்டுத் தெருக் குழாயில பிடிச்சுத் தூக்கிட்டு வாரேன்."

அப்படியே நாலு குடம் தூக்கியும் வந்தாள். மாமியார் அந்தப் பொங்கல் வரைக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பழைய தலைவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். இடைத்தேர்தல் வந்தது. மேட்டுத் தெருப் பொம்பளைகள்தான் முதலில் வந்து, "நீ நில்லு யக்கா" என்றார்கள். தொட்டி வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு நின்றாள். எதிர்த்து நின்றது மாரிராஜ். நல்ல பையன்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

அந்த ஊரில் ஒரு வழக்கம். தேர்தலில் நிற்கிறவர்கள் அம்மன் வாசலுக்கு வந்து, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, ஊருக்குத் துரோகம் பண்ண மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். கையால் அணைத்தால் சத்தியம். தானாக அணைந்தால் அபசகுனம். இந்தத் தடவை தேர்தலோ ஆனி மாதம். குற்றாலத்துச் சாரல் எங்கள் பக்கம் முழுக்கச் சரம் சரமாக அடிக்கிற நேரம். அந்த ஈரக் காற்றில் தட்டை வைத்துக் கற்பூரம் கொளுத்தினால் நிற்குமா? நாள் குறித்தவர்களுக்குப் புத்தி எங்கே போனதோ.

மாரிராஜ் கையை ஓங்கினான், கற்பூரம் அணைந்தது. மறுபடி கொளுத்தினார்கள், மறுபடி அணைந்தது. பின்னாலிருந்து ஒருவன், "ஏலே மாரிராசு, அம்மனுக்கே உன் சத்தியம் வேண்டாமாம்லே!" என்று கத்த, கூட்டம் சிரித்தது. பையனுக்கு முகம் செத்துப்போனது. அப்போதுதான் ஜெஸி முன்னால் போய்க் குனிந்து, தட்டைச் சுற்றி இரண்டு கையையும் குவித்துக் காற்றை மறித்தாள். மூன்றாவது கற்பூரம் நின்று எரிந்தது. மாரிராஜ் ஓங்கி அடித்துச் சத்தியம் செய்தான். எதிராளியின் சத்தியத்துக்குக் கை கொடுத்தவள் அவள். ஊதினாளாம்!

அடுத்து அவள் முறை. கோயில் நிர்வாகம் பார்க்கிற சுந்தரபாண்டியன் அண்ணாச்சி புதுக் கற்பூரத்தை வைத்தார். ஜெஸி கைகூப்பி அம்மனைக் கும்பிட்ட மாதிரி நின்று, "மன்னிக்கணும் அண்ணாச்சி, நான் சத்தியம் பண்ணல" என்றாள்.

சாயங்காலத்துக்குள் அவள் ஊதினாள் என்று ஆனது. மறுநாள் அது காலால் மிதித்தாள் என்று வளர்ந்தது.

அந்தச் செய்தி தென்காசிக்கு எட்டி, அவள் அண்ணன் கிங்ஸ்லி பைக்கை எடுத்துக்கொண்டு வந்தான். அவனுக்கு ஒரே சந்தோஷம்.

"நல்ல காரியம் பண்ணினட்டி! ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் பீடத்துக்கு முன்னால வா. வேதத்துல கைய வச்சு, நம்ம ஜனத்துக்கு உண்மையா இருப்பேன்னு சொல்லு. இந்தத் தெரு ஓட்டு ஒண்ணுகூடச் சிந்தாது."

"நம்ம ஜனம்னா யாருண்ணே? பதினோரு வருசம் மேட்டுத் தெருவுக்குத் தண்ணி விட்டேனே, அவங்க யாரு ஜனம்?"

"வாய் பேசாத. அங்கயும் மாட்டேன், இங்கயும் மாட்டேன்னா உனக்கு எவன் ஓட்டுப் போடுவான்?"

காப்பியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டான். ஜெஸி இரண்டு நாள் வாசல் தாண்டவில்லை. வாபஸ் வாங்குகிற தேதியும் முடிந்துபோயிருந்தது. வேலையை விட்டாயிற்று, அண்ணனும் போயாயிற்று. பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே கருகவிட்டாள்.

மூன்றாம் நாள் காலையில் சுந்தரபாண்டியன் அண்ணாச்சி வந்தார். கெட்ட எண்ணத்தில் வரவில்லை. அவரைப் பழி சொன்னால் நாக்கு அழுகிப்போகும்.

"ஏம்மா ஜெஸி, வர்ற வெள்ளிக்கிழமை கோயிலுக்கு உள்ள வச்சே கொளுத்துதேன். காத்தும் வராது, கூட்டமும் வராது. ஒரே ஒரு அடி. அப்புறம் உனக்கு நானே ஓட்டுக் கேக்கேன்."

"வேண்டாம் அண்ணாச்சி."

"சாமிக்குப் பயந்தவன் தப்புப் பண்ண மாட்டான். நீ எந்தச் சாமிக்குப் பயப்படுதேன்னு ஓட்டுப் போடுதவனுக்குத் தெரிய வேண்டாமா?"

"போன தலைவர் இதே வாசல்லதான கற்பூரம் அடிச்சாரு. தெக்குத் தெருவுக்குப் போடுதேன்னு சொன்ன பைப் வந்துச்சா?"

"அதுக்குத்தான் அம்மன் கேட்டுட்டாளே. போய்ச் சேந்துட்டாருல்லா?"

"அவர் போய்ச் சேந்தாரு. பைப்பு வந்து சேரலியே அண்ணாச்சி."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

ஜெஸி சிரிக்கவில்லை. "எனக்குச் சாமி உண்டு. அவரைக் கும்பிடாம நான் வால்வைத் தொட்டதில்ல. ஆனா ஓட்டுக்காக உங்க சாமியையோ எங்க சாமியையோ சாட்சிக்குக் கூப்பிட்டுட்டேன்னா, நாளைக்கு ஒரு தப்புப் பண்ணிட்டு அந்தச் சாமிகிட்டயே மன்னிப்புக் கேட்டு முடிச்சுக்கிடுவேன். உங்ககிட்ட வந்து நிக்க மாட்டேன். நான் உங்களுக்குல்லா பதில் சொல்லணும்?"

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நீ சொல்லுதது எனக்கு வெளங்குது. ஊருக்கு வெளங்காது. தோத்துருவம்மா" என்றார்.

"இருக்கட்டும். உங்க ஓட்டு?"

"அத ஏன் கேக்க?" என்று எழுந்து போனார். அது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அவர் போனதும் ஜெஸி முகம் கழுவித் தலையைச் சீவினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அச்சடித்து வைத்திருந்த நோட்டீஸ் கட்டை எடுத்து ஒரு பாலிதீன் பைக்குள் போட்டாள். கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஞானதுரை நின்று பார்த்தார்.

"எங்கனட்டி?"

"ஓட்டுக் கேக்க."

"நம்ம தெருவுல இருந்து ஆரம்பியேன். பக்கம்லா?"

"இவங்களுக்குப் பீடத்துக்கு வரலன்னு கோவம். அவங்களுக்குக் கற்பூரம் அடிக்கலன்னு கோவம். எங்க ஆரம்பிச்சா என்ன?"

"கதவைச் சாத்திட்டாங்கன்னா?"

"சாத்துறதுக்கு முன்னால பேரைச் சொல்லிட்டு அடுத்த வீட்டுக்குப் போவேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு, கதவை முழுக்கத் திறந்து வைத்துவிட்டு, சாரலுக்குள் படியிறங்கிப் போனாள்.