கைமாற்று கேட்கப் போன தீபாவளி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயது போய்விட்டது, வாய் குறையவில்லை. அந்த வாயால் ஒருத்தியை அவள் வாசலில் வைத்தே ஊர் கேட்க ஏசினேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில், எங்களுக்குக் கலியாணம் முடிந்து ஏழாவது வருஷம், தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது அது நடந்தது.

அப்போது நாங்கள் சல்லி என்ற கடற்கரைக் கிராமத்தில் இருந்தோம். என் கணவர் கரையில் நின்று இழுக்கிற கரைவலைக்குப் போகிறவர். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே மீன் எந்தப் பக்கம் நிற்கிறது என்று சொல்லுவார். சொன்னால் அநேகமாகத் தப்பாது. வலை இழுக்க எத்தனை பேரையும் பிடிக்கலாம், தண்ணீர் பார்க்கிற இந்தக் கண்ணுக்கு எங்கே போவது என்று சம்மாட்டி ஊர் முழுக்கச் சொல்லித் திரிவார். வலைக்கும் தோணிக்கும் சொந்தக்காரரைத்தான் நாங்கள் சம்மாட்டி என்போம்.

எங்கள் கடலில் பங்குனி தொடங்கிப் புரட்டாசி வரைதான் கரைவலை. ஐப்பசியில் வாடைக்காற்று எழும்பினால் தோணிகளைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்துவிட்டு நாலைந்து மாதம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். தீபாவளியும் சரியாக அந்த ஐப்பசியில்தான் வந்து நிற்கும். அந்த நாளைக் குறித்தவர்கள் மீன்பிடிக்காரன் பெண்சாதி ஒருத்தியையும் கேட்டுக் குறிக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

கையில் காசில்லாத அந்த நேரத்தில்தான் சம்மாட்டி முற்பணம் கொடுப்பார். கடுதாசி இல்லை, கையெழுத்து இல்லை. வெற்றிலையோடு சேர்த்துக் காசைத் தருவார், அவ்வளவுதான். வாங்கியவன் வருகிற பங்குனியில் அவருடைய வலைக்குப் போக வேண்டும். பருவம் முடியும்வரை வேறு எந்த வேலைக்கும் போக முடியாது. இடையில் காசைத் திருப்பிக் கொடுத்து விலகவும் வழியில்லை. சம்மாட்டிக்கு வேண்டியது காசல்ல, ஆள். வீட்டில் தாய் வாங்கினாலும் பெண்சாதி வாங்கினாலும் அவன் வாங்கியதாகத்தான் கணக்கு.

அந்தக் காசு அரிசிக்காகப் போனது என்று சொன்னால் நான் பொய்க்காரி. கருவாடும் மரவள்ளிக்கிழங்குமாக வயிற்றை எப்படியோ பார்த்துக்கொண்டோம். முற்பணம் போனதெல்லாம் நைலோன் சட்டைக்கு, பட்டினத்தில் படம் பார்க்க, கலர் சோடாவுக்கு, கிண்ணியாக்காரர் ஒருவரின் கடையில் வெட்டித் தருகிற மஸ்கட் இனிப்புக்கு. ஒரு வாரம் ராஜ வாழ்க்கை. பிறகு அதற்காக ஏழு மாதம் அவர் இன்னொருவரின் வலைக்குக் கட்டுப்பட்டுக் கிடப்பார். ஆறு வருஷம் அப்படித்தான் போனது. அந்த மஸ்கட்டின் ருசியை இன்றைக்கும் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஏழாவது வருஷம் ஒரு கதை வந்தது. துறைமுகத்திலிருந்து மூதூருக்கு ஆட்களை ஏற்றி ஓடும் லோஞ்ச் என்கிற மோட்டார்ப் படகு ஒன்றில் ஆள் எடுக்கப் போகிறார்களாம். மாதச் சம்பளம். காற்று எப்படி அடித்தாலும் சம்பளம். என் கணவர் போய் அந்த லோஞ்சின் தண்டையலை, அதாவது அதை ஓட்டுகிறவரைக் கண்டு கதைத்துவிட்டு வந்தார்.

“தை, மாசிக்குள்ள கூப்பிடுவினமாம். கூப்பிட்டா அடுத்த நாளே போய் நிக்க வேணும். சம்மாட்டியிட்ட முற்பணம் வாங்கின ஆள் எண்டா வேண்டாமாம், பிறகு கரைச்சலாம்” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். “இந்தத் தீவாளிக்கு ஆரிட்டயும் கை நீட்டுறேல்ல. இந்த ஒருக்கா மட்டும் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருப்பம். உன்னால ஏலுமோ?”

“ஓம், ஏன் ஏலாது?” என்றேன், பெரிய வீராங்கனை மாதிரி.

சொல்லும்போது புரட்டாசி. ஐப்பசி வந்ததும் வீராங்கனை ஆட்டம் கண்டாள். எந்தக் குசினியைக் கடந்து போனாலும் பணியாரம் பொரிக்கிற மணம். பக்கத்து வீட்டுக்காரி நைலோன் சட்டையைக் கொண்டுவந்து, “தொட்டுப் பாருங்கோ, பட்டு மாதிரி” என்று என் கையிலேயே வைத்தாள். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தவளுக்கு ஆறு வயது, இளையவளுக்கு மூன்று. மூத்தவள் அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, “அம்மா, எங்கட வீட்டுக்கு இந்த வருஷம் தீவாளி இல்லையோ?” என்று கேட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் முதுகில் ஒன்று போட்டு முடித்திருப்பேன். சும்மா கேட்டாள். அதுதான் என்னைக் குடைந்தது.

அப்போதுதான் அந்தப் புத்தி வந்தது. முற்பணம் என்றால் சம்மாட்டியிடம் வாங்குவது. சம்மாட்டியின் பெண்சாதியிடம் கைமாற்று வாங்கினால்? இரண்டு பெண்களுக்கு இடையில் ஒரு ஐம்பது ரூபாய், தைக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். எப்படிக் கொடுப்பேன் என்று அந்த நேரம் யோசிக்கவில்லை. கடன் கேட்கப் போகிறவளுக்குக் கண்ணில் சட்டைதானே தெரியும்!

அவளும் நானும் ஒரே வகுப்பு. ஐந்தாம் வகுப்பு வரை ஒரே வாங்குப் பலகையில் இருந்து படித்தோம். அவள் சம்மாட்டி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள், நான் அதே சம்மாட்டியிடம் வேலை செய்கிறவருக்கு வாழ்க்கைப்பட்டேன். ஆனாலும் எங்களுக்குள் ‘அடி, வாடி’தான். சம்மாட்டி வெளியில் போகும்வரை பார்த்திருந்துவிட்டுப் போனேன்.

“என்னடி, மழை இருட்டிக்கொண்டு நிக்குது, இந்த நேரத்தில?” என்று வாசலுக்கு வந்தாள்.

“ஒரு ஐம்பது ரூபா கைமாத்தாத் தாவன். தைக்குள்ள தந்திடுவன்.”

“என்னத்துக்கு?”

“பிள்ளையளுக்குச் சட்டை எடுக்க. ஒரு படத்துக்கும் கூட்டிக்கொண்டு போவம் எண்டு.”

“உன்ட மனுசனுக்குத் தெரியுமோ?”

“பொம்பிளையளுக்குள்ள கதை. அதுக்குள்ள அவர் எதுக்கு?”

அவள் இடுப்பில் அலுமாரித் திறப்பு, அதாவது சாவி, தொங்கியது. கையால் அதைப் பிடித்துக்கொண்டாள். “என்னட்ட இல்லையடி” என்றாள்.

“இல்லையோ? உனக்கோ?”

“ஒரு சதமும் இல்ல. போ. வீட்ட போ.”

எனக்கு உச்சி கொதித்தது. இல்லை என்று சொன்னதைக்கூடப் பொறுத்திருப்பேன், அந்தப் ‘போ’வைப் பொறுக்க முடியவில்லை. வாசலுக்கு முன்னால் ஓடுகிற ஒழுங்கைக்கு இறங்கி நின்று தொண்டை கிழியக் கத்தினேன். “ஒரு வாங்கில இருந்து படிச்ச என்னைப் போ எண்டோ சொல்லுறாய்? பெரிய இடத்துக்குப் போனவுடன பழசெல்லாம் மறந்துபோச்சு! நாசமாப் போ!” தண்ணீர் அள்ளிக்கொண்டு போன இரண்டு பெண்கள் குடத்தோடு நின்று கேட்டார்கள். அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.

வீட்டில் கணவரிடம், “சும்மா வாய்த்தர்க்கம்” என்று மட்டும் சொன்னேன். அவரும் தோண்டிக் கேட்கவில்லை. என் வாய்த்தர்க்கங்களைத் தோண்டிக் கேட்கத் தொடங்கினால் மனுசனுக்கு வேறு வேலை பார்க்க நேரம் கிடைக்காது.

தீபாவளி வந்தது. என் பழைய வோயில் சேலை ஒன்றைக் கிழித்து இரண்டு சட்டை கையாலேயே தைத்தேன். பனங்கட்டியும் தேங்காய்ப்பூவும் வைத்துக் கொழுக்கட்டை அவித்தேன். அவர் கடலோரக் களப்பில் இறங்கி நாலு நண்டு பிடித்து வந்தார். முழுகிவிட்டுப் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், கவிழ்த்துக் கிடந்த சின்னத் தோணி ஒன்றை நிமிர்த்தி, இரண்டு பேரையும் அதில் ஏற்றிவிட்டு, “மூதூர்! மூதூர்! ஏறுற ஆக்கள் ஏறுங்கோ!” என்று கூவத் தொடங்கினார். சிப்பிதான் ரிக்கற், அதாவது பயணச் சீட்டு. அயல் வீட்டுப் பிள்ளைகளும் புதுச் சட்டையோடு ஓடிவந்து ஏறிவிட்டார்கள்.

நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முகத்தைத் தூக்கிவைத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்து, “அம்மாவுக்கு ரெண்டு ரிக்கற். அவவுக்கு ஒண்டு, அவவின்ட வாய்க்கு ஒண்டு!” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளைகளைப் பார்த்தேன். கிழிந்த சேலையில் தைத்த சட்டை என்ற நினைப்பே அவர்களுக்கு இல்லை. கடவுளே, எனக்கு இது போதும் என்று அந்த இடத்திலேயே நினைத்தேன். ஆனால் அவள் மேலிருந்த கோபம் மட்டும் ஒரு துளியும் குறையவில்லை. மூன்று மாதம் கதைக்கவில்லை. கிணற்றடிக்கு அவள் வந்தால் வாளியை ‘ணங்’ என்று வைத்துவிட்டுத் திரும்பி நிற்பேன்.

மாசியில் ஒருநாள் காலை தண்டையலின் தம்பி சைக்கிளில் வந்தார். நாளைக்கு வந்து லோஞ்சில் ஏறச் சொன்னார்கள் என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் என் கணவர், “சம்மாட்டியிட்ட ஒரு சொல் சொல்லிப்போட்டுத்தான் போக வேணும். இத்தனை வருஷம் வேலை தந்த மனுசன்” என்று சட்டையைப் போட்டார். இவர் மனம் இளகிப் பழையபடி வலைக்கே வரச் சம்மதித்துவிடுவாரோ என்ற பயத்தில் நானும் பின்னால் போனேன்.

சம்மாட்டி விறாந்தையில் கதிரை போட்டுச் சாய்ந்திருந்தார். கேட்டதும் முகம் கறுத்துப் போனது. “நீ போனா எனக்கு ஆர் தண்ணி பாக்கிறது?” என்றார். பிறகு, “நீ என்னட்ட ஒண்டும் வாங்கேல்ல, அது எனக்குத் தெரியும். ஆனா உன்ட வீட்டால ஆரும் வாங்கியிருந்தா நீ போக ஏலாது. அதுதான் வழக்கம்” என்று சொல்லி, உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். “இஞ்சாரப்பா! இவையட வீட்டால ஆரும் வந்து உன்னட்டக் கைமாத்துக் கிய்மாத்து எண்டு ஏதும் வாங்கினவையோ?”

கைமாற்றும் கணக்குத்தான் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து கதவு நிலையில் நின்றாள்.

“இல்ல. ஒருத்தரும் வரேல்ல” என்றாள்.

“தீவாளிக்கு முதல் இவ வந்து வாசலில சண்டை பிடிச்சவவாமே?”

“அதோ? அது ஆட்டுச் சண்டை. இவளின்ட ஆடு வந்து என்ட மிளகாய்க் கண்டெல்லாத்தையும் திண்டுபோட்டுது. கேட்டதுக்கு ஏசிப்போட்டுப் போறாள்.” என் முகத்தை அவள் பார்க்கவேயில்லை.

எங்களிடம் எந்தக் காலத்திலும் ஆடு இருந்ததில்லை. என் கணவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

சம்மாட்டி பெருமூச்சு விட்டார். “எனக்கு விளங்கேல்ல. தீவாளிக்கு முதலே இவளிட்டச் சொல்லி வச்சனான். அவன்ட பெண்சாதி வந்தா எவ்வளவு கேட்டாலும் குடு, அவனை விட ஏலாது எண்டு. அலுமாரிக்குள்ள நூறு ரூபா தனியா எடுத்தும் வச்சனான். வரவேயில்லை எண்டுறாள்.” கையை விசுக்கினார். “சரி, போ. நல்லாயிரு.”

அவள் உள்ளே போய்விட்டாள். தரச் சொல்லி எடுத்து வைத்த காசு. தந்திருந்தால் அவள் கணவருக்கு நல்ல பிள்ளையாக இருந்திருப்பாள், நானும் வாயெல்லாம் பல்லாகத் துள்ளிக்கொண்டு வந்திருப்பேன். அலுமாரித் திறப்பைக் கையில் பொத்திப் பிடித்தபடி என் ஏச்சை வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறாளே, பாவி! அப்படியே ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

பாதி வழியில் அவர், “எங்களிட்ட ஆடு எப்ப இருந்தது?” என்று கேட்டார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசவில்லை. “அவளிட்ட நன்றி எண்டு வாய் திறந்துபோடாத. ஒருத்தரிட்டயும் சொல்லாத. சம்மாட்டிக்குத் தெரிய வந்தா அவளுக்குத்தான் கரைச்சல்” என்றார்.

லோஞ்ச் சம்பளத்தில் எங்கள் வீடு நிமிர்ந்தது. பிறகு வந்த தீபாவளிகளில் நைலோன் சட்டையும் வாங்கினோம், படமும் பார்த்தோம், ஒருவருக்கும் கட்டுப்படாமல். அந்த வருஷம் சம்மாட்டியின் வலையில் மீன் குறைவு என்று ஊரே கதைத்தது. அவர் வீட்டில் எரிந்து விழுந்தபோதெல்லாம் அவள் என்ன சொல்லிச் சமாளித்தாளோ தெரியாது. இன்றைக்கு அவர்கள் இருவரும் இல்லை, என்னவரும் இல்லை. ஒருவருக்கும் கரைச்சல் வராது என்பதால்தான் இப்போது எழுதுகிறேன்.

அந்த மாசியில் என் கணவர் முதல் நாள் லோஞ்சுக்குப் போன காலையில் நான் கிணற்றடிக்குப் போனேன். நாலைந்து பெண்கள் நின்றார்கள். அவளும் குடத்தோடு வந்தாள். நான் அவள் கையிலிருந்து குடத்தை வாங்கி, தண்ணீர் அள்ளி அள்ளி நிரப்பினேன். மற்றவர்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். “என்ன, சண்டை தீர்ந்துபோச்சோ?” என்று ஒருத்தி வாயைக் கிளறினாள்.

“பிழை என்னிலதான்” என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. “ஆட்டை நான்தான் கட்டி வச்சிருக்க வேணும்.”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. சட்டென்று முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். நிரம்பிய குடத்தைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்துவிட்டேன்.