சொன்னால் பலிக்காது

எனக்குப் பேய் பயம் கிடையாது. சத்தியமாக! ஆனால், போன வாரம் எங்கள் கல்பாக்கம் குவார்ட்டர்ஸ் மாடிப்படியில் பேய்தானோ என்று நானே ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன்.

மூன்று வாரமாகவே, விடிந்தும் விடியாத நேரத்தில் ஒரு வாசனை. ஏதோ மரப்பட்டையைக் கொதிக்க வைக்கிற துவர்ப்பு வாசனை. மோப்பம் பிடிப்பதில் நான் கில்லாடி... எதிர்வீட்டு தேவியின் கதவைத் தட்டினேன்.

கதவு ஒரு சாண் திறந்தது. தேவிதான். ஆனால் முகம்? சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்து... உதட்டின் மேல் ஒரு விரல். உள்ளே அடுப்பில் சிவப்பாக ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. பேசாதே என்று தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

செங்கல்பட்டுக்காரி தேவி வாயாடி. தண்ணீர் மோட்டாரிலிருந்து அடுத்த பிளாக் விவாகரத்து வரை ஒன்று விடமாட்டாள். அவளா பேசவில்லை?

வியாழக்கிழமை காலை படியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. கையைத் தொட்டால் ஐஸ். நைட்டியெல்லாம் ரத்தம். ''எத்தனை நாளாடி இப்படி?'' என்று கத்தினேன்.

அப்போதும் வாயைத் திறக்கவில்லை. பத்து விரலையும் விரித்தாள். மடக்கினாள். மறுபடி பத்து. அப்புறம்... இரண்டு.

இருபத்திரண்டு நாள்! ஷிப்டுக்குப் போயிருந்த வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். புது ரத்தம் ஏற ஆரம்பித்த பிறகுதான் பேசினாள்.

''அசோகப் பட்டைக் கஷாயம்க்கா. சதுரங்கப்பட்டினத்துல ஒரு அம்மா குட்த்துச்சு. ஓயாம தீட்டுப் போற பெரும்பாடு நின்னுடுமாம். நாப்பத்தெட்டு நாளு யாராண்டயும் சொல்லக் கூடாது. காலைல குடிக்கிற வரிக்கும் பேச்சே கூடாதாம். சொன்னா பலிக்காது. இப்ப உன்னாண்ட சொல்ட்டேனே... மீதி இருவத்தாறு நாளு இன்னாத்துக்கு ஆவறது?''

உயிர் ஊசலாடும்போதும் நாள் கணக்கு! எனக்கு அழுகை வந்துவிட்டது.

கர்ப்பப்பையில் கட்டி என்றார் டாக்டர் அம்மா. ''பட்டையை நான் குத்தம் சொல்லலைம்மா. இத்தனை நாள் யார்கிட்டயும் வாயைத் திறக்காம இருந்தாங்க பாருங்க... இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா ஆள் இல்லை.''

இந்த நிபந்தனையை யார்தான் கண்டுபிடித்தார்களோ? ஆனால் நமக்கு வசதியான நிபந்தனைதான், இல்லையா? நானே தீட்டு வலிக்கு லீவ் போடும்போதெல்லாம் 'தலைவலி' என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சொல்லாமல் இருக்க நமக்குக் கற்றுத்தரவா வேண்டும்?

சனிக்கிழமை விடியற்காலை. தேவி இன்னும் ஆஸ்பத்திரியில். வீட்டில் பூட்டு. படியில் நின்று பூட்டையே பார்த்தேன்... ஏனென்றால், அதே வாசனை.

வாசனை எதிர்வீட்டிலிருந்து வரவில்லை. என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

என் வீட்டுச் சமையலறை. அடுப்பருகே என் பெண். இருபத்துமூன்று வயது. மெதுவாகத் திரும்பினாள். வெளுத்த முகம். உதட்டின் மேல் ஒரு விரல்.

அந்த விரலைப் பிடித்துக் கீழே இறக்கினேன். ''எத்தனை நாளா?'' என்றேன்.

அடுப்பை அப்புறம் அணைத்துக்கொள்ளலாம்!