ஒரே நீலத்தில் நூற்றிருபது

மெழுகுவத்தித் தொழிலில் வெள்ளை ஊற்றுகிறவன் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்குவான். கலர் ஊற்றுகிறவன் தூக்கத்திலும் கலக்கிக்கொண்டிருப்பான். வீட்டுக் கொல்லையில் மெழுகு உருக்கி, சாயத்தோடு மல்லுக்கட்டியவரா நீங்கள்? அப்படியானால் பக்கத்தில் வந்து உட்காருங்கள், நம் கஷ்டத்தை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

இரண்டாயிரத்தைத் தாண்டிய சில வருஷங்கள் அவை. பி.எஸ்ஸி. வேதியியல் முடித்துவிட்டு, பெரம்பலூர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, அரியலூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் மெழுகு உருக்கியபடி கடிதத்துக்குக் காத்திருந்தேன். கடிதம் வரவில்லை. அப்பாவுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. ஜெயங்கொண்டத்தில் மாமாவின் உரக்கடை எனக்காக வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. எனக்கு யூரியா வாடை ஆகாது. மாமாவின் அறிவுரை அதைவிட ஆகாது.

கேசரிப் பவுடர்

முதல் முதலில் கலர் போட ஆசை வந்ததும் சமையலறையில் இருந்த கேசரிப் பவுடரை எடுத்து உருகிய மெழுகில் கொட்டினேன். கலக்கினேன். கலக்கும்வரை சுற்றிச் சுற்றி வந்த பவுடர், கையை எடுத்ததும் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மேலே வெள்ளை, கீழே அம்மை போட்ட மாதிரி சிவப்புப் புள்ளிகள். ஏற்றிப் பார்த்தால் தூள் திரியை அடைத்து, சுடர் இரண்டு தடவை துள்ளிவிட்டு அணைந்தது.

முன்னறையில் தையல் மிஷின் மிதித்துக்கொண்டிருந்த அக்கா எழுந்து வந்து பார்த்தாள். நான் படித்தவன் என்பதில் வீட்டிலேயே அதிக நம்பிக்கை வைத்திருந்தவள் அவள்தான். அன்றைக்கு அதுவும் போயிற்று.

"தண்ணில கரையிறது மெழுகுல கரையாதுன்னு மூணு வருஷத்துல ஒரு நாள்கூடவா காலேஜ்ல சொல்லித் தரல?"

பேக்கரிக்காரர் கேட்ட சிவப்பு

திருச்சிக்குப் போய் எண்ணெயில் கரைகிற சரியான சாயம் வாங்கி வந்தேன். அடுத்த பாடம் ஆரம்பமானது. சட்டியில் உருகிக் கிடக்கும்போது ரத்தச் சிவப்பாக இருப்பது, அச்சில் ஆறியதும் ரோஸ் பவுடர் பூசிய மாதிரி வெளுத்துவிடும். ஒரு சொட்டை வெள்ளைத் தட்டில் விட்டு, அது உறைந்த பிறகுதான் நிறத்தைத் தீர்மானிக்க வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன், வேதியியல் பட்டதாரி இல்லையா!

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பேக்கரி வைத்திருந்தவர் கேக்கில் குத்துவதற்குச் சிவப்புக் குச்சி வத்திகள் கேட்டார். போன தடவை வெளுத்ததே என்று இந்தத் தடவை மூன்று மடங்கு போட்டேன். கடையில் பொட்டலத்தைப் பிரித்தவர் ஒன்றை எடுத்து டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். கரிக்கட்டை தோற்றது.

"ஏம்ப்பா, இது பொறந்த நாளுக்கா, கருமாதிக்கா?"

கண்ணாடி அலமாரி

ஃபேன்ஸி ஸ்டோர் பாய் நல்ல மனுஷர். என் ஊதாக் கலர் வத்திகளைத் தெருவைப் பார்த்த கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்தார். அரியலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வாரம் கழித்துப் போனால், தெருவைப் பார்த்த பக்கமெல்லாம் வெளுத்துச் சாம்பல், கடையைப் பார்த்த பக்கம் மட்டும் ஊதா. எனக்கு மானம் போயிற்று. எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று பை விரித்தேன். அலமாரியில் நாலைந்துதான் மிச்சம் இருந்தன.

"ரெண்டு கலர் டிசைன்னு சொல்லி வித்துட்டேன் தம்பி, அதே மாதிரி இன்னும் ரெண்டு டஜன் கொண்டாங்க, மாஷா அல்லாஹ் நல்லாப் போகுது."

சிஸ்டரின் துணித்துண்டு

அந்தச் சமயத்தில்தான் கான்வென்ட் பள்ளியிலிருந்து ஆர்டர் வந்தது. ஆண்டு விழாவில் பிள்ளைகள் கையில் பிடிக்க நூற்றிருபது மெழுகுவத்தி. தலைமை ஆசிரியை சிஸ்டர் சீருடைத் துணியில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்து, எல்லாம் இந்த நீலத்தில் இருக்க வேண்டும் என்றார். "ஒரு பிள்ளையோடது மட்டும் வெளுத்திருந்தா அது மேடையிலயே அழும், தம்பி." வீட்டில் வந்து நான் சொன்னதை அப்பாவும் கேட்டுக்கொண்டார். ஆர்டர் சரியாகப் போனால் தொழில். சொதப்பினால் அடுத்த திங்கட்கிழமை உரக்கடை. பேச்சை முடித்துவிட்டுச் சிமெண்ட் ஆலை ஷிப்டுக்குக் கிளம்பினார்.

என்னிடம் இருந்தது இருபது அச்சு, இருபது வத்திக்கான ஒரு சட்டி. பக்கத்துத் தெரு ஆசாரியிடம் பொன் நிறுக்கும் தராசை இரவல் வாங்கி, ஒவ்வொரு தடவையும் சாயத்தைச் சரியாக நிறுத்துப் போட்டேன். ஆறு தடவை ஊற்றினேன். ஆறு நீலம் வந்தது. ஒரு தடவை சூடு ஏறிவிட்டது, ஒரு தடவை பழைய சாயம் சட்டியில் ஒட்டியிருந்தது, மீதிக்குக் காரணம் கடவுளுக்குத்தான் தெரியும். விழாவுக்கு நான்கு நாள் இருந்தது. நிஜமாகவே அழுகை வந்தது. அக்கா துணித்துண்டோடு ஒவ்வொன்றையும் வைத்துப் பார்த்தாள். துணிக்கு நூல் தேடித் தேடிப் பழகிய கண்ணாயிற்றே, ஒன்றையும் விடவில்லை.

"ஆறு தடவ கொழம்பு வச்சா ஆறு ருசிதான்டா வரும், எல்லாத்தையும் உருக்கி ஒரே தடவையா வை."

அண்டா

நூற்றிருபதையும் ஒரே தடவையில் உருக்கும் பாத்திரம் எந்த வீட்டில் இருக்கும்? வாடகைப் பாத்திரக்கடைக்குப் போனேன். வெந்நீருக்கு ஒரு பெரிய அண்டா, அதற்குள் இறக்க ஒரு பழைய சின்ன அண்டா, ஆளுயரத் துடுப்பு ஒன்று. கடைக்காரர் விக்கிரமங்கலத்துக்காரர், எங்கள் அத்தைக்குப் பக்கத்து வீடு. இது என் நினைவில் இல்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அத்தை வந்து இறங்கினாள். பட்டுப் புடவை, கையில் தாம்பாளம், அதில் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய். முகம் மட்டும் விசேஷத்துக்கு வந்த முகமாக இல்லை. "அண்டா எடுத்த சேதிய பக்கத்து வீட்டான் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? கூடப் பொறந்தவளுக்குச் சொல்லாம நிச்சயதார்த்தமா? வேல இல்லாத பயலுக்கு எவன்டா பொண்ணு குடுத்தான்?" என்று வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். கையைப் பிடித்துக் கொல்லைக்கு அழைத்துப் போய்க் காட்டினேன். அண்டா நிறைய நீலம்.  அத்தை தாம்பாளத்தை அக்காவிடம் கொடுத்தாள், பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகினாள், என் கையிலிருந்த துடுப்பைப் பிடுங்கினாள்.

எத்தனையோ கல்யாண வீட்டில் கிண்டிய கை அது. சூடு ஏறவும் விடவில்லை, அடியில் சாயம் தங்கவும் விடவில்லை. தட்டில் சொட்டு விட்டு, உறையவிட்டு, துணியோடு ஒத்துப் பார்த்துத் தலையாட்டுவது அக்கா வேலை. ஊற்றுவது என் வேலை. அதே அண்டாவிலிருந்து ஆறு சுற்று ஊற்றினேன். சாயங்காலம் வரிசையாக அடுக்கினால் முதலாவது எது, கடைசி எது என்று எனக்கே தெரியவில்லை. மகிழ்ச்சியில் அத்தை காலில் விழுந்தேன்.

"காலையிலேருந்து கிண்டி வாயில போட ஒண்ணுமில்ல, இதெல்லாம் ஒரு விசேஷமாடா?"

ஆண்டு விழா

பெட்டியைத் திறந்து சிஸ்டர் ஒவ்வொன்றாகத் துணியோடு வைத்துப் பார்த்தார். ஒரு குறையும் சொல்லவில்லை. விழாவுக்கு அப்பாவும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நான் சுவரோரம் நின்றேன். நூற்றிருபது பிள்ளைகள், நூற்றிருபது நீலம். இந்தக் காட்சியைப் பார்க்கத்தானே இவ்வளவு பாடும் பட்டேன்! திடீரென்று ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டார்கள். விளக்குகளை அணைத்தார்கள். மெழுகுவத்திகளை ஏற்றினார்கள். நூற்றிருபது சுடர் தெரிந்தது, நூற்றிருபது குட்டி முகம் தெரிந்தது. நீலம் மட்டும் தெரியவில்லை. ஒரு பிள்ளையும் அழவில்லை.

முடிந்ததும் சிஸ்டர், அப்பா காதுபடவே, அடுத்த வருஷமும் நான்தான் ஊற்ற வேண்டும் என்றார். அப்பா என்னைப் பார்த்தார், உரக்கடைப் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.  கலர் அடுத்த வருஷம் எப்படி, இதே நீலம்தானே என்று சிஸ்டரிடம் கேட்டேன்.

"வெள்ளையே போதும் தம்பி, இருட்டுல யாருக்குத் தெரியப் போகுது?"

உரக்கடையிலிருந்து என்னைக் காப்பாற்றிய அந்த நீலத்தை வெளிச்சத்தில் நின்று நிதானமாகப் பார்த்தவர்கள், துணித்துண்டோடு சிஸ்டர், என் அக்கா, நான், அப்புறம் விருந்து கிடைக்காமல் விக்கிரமங்கலம் திரும்பிய அத்தை, ஆக மொத்தம் நாலே பேர்.