வெட்டாத பங்கு

கருங்குழி தாண்டியதும் ரேடியேட்டர் கொதித்து, எங்கள் பஸ் ஓர் ஏரிக்கரையோரம் நின்றுவிடுகிறது. வறண்ட ஏரிக்குள் மண் வெட்டிக்கொண்டிருப்பவர்கள் நிமிர்ந்து, இறங்கும் எங்களை ஒவ்வொருவராகப் பார்க்கிறார்கள். பிறகு குனிந்துகொள்கிறார்கள்.

டிரைவர் தண்ணீர் தேடிப் போக, நான் ஏரிக்குள் இறங்குகிறேன். வெட்டிப்போட்ட வேலிக்காத்தான் முள் ஒரு பக்கம் எரிகிறது; கரையில் பறை ஒலித்துக்கொண்டிருக்கிறது. ஊர் கூடித் தூர் எடுக்கும் வழக்கம் நின்றுபோய் வெகுகாலமாம். ஏரி மேடாகி வயலெல்லாம் காய்ந்த பிறகு, இந்த வருஷம்தான் மறுபடி பறை தட்டி ஆரம்பித்திருக்கிறார்கள். வீட்டுக்கு ஒரு பங்கு என்று கயிறு கட்டிப் பிரித்து, இடுப்பளவு வெட்டியாகிவிட்டது. நடுவே சில பங்குகள் மட்டும் தொடாமல் மேடாக நிற்கின்றன.

கூடையை இறக்கிவைக்கும் பெண்ணிடம் காரணம் கேட்கிறேன்.

"அதெல்லாம் கல்பாக்கத்துக்குக் கட்டட வேலைக்குப் பூட்டவங்களுது சார். அந்த ஓரத்துல கீறது எங்க அண்ணன் வூட்டுப் பங்கு."

"நீங்களே வெட்டிவிடலாமே? மழை வந்துவிடும் போலிருக்கிறதே."

"இன்னா சார், இப்பிடிக் கேக்கறீங்க? வெட்டுனவங்களுக்குத்தான் ஏரித் தண்ணியில பாத்தியம். நாங்க வெட்டிட்டா அது எங்களுதாப் பூடும். நாளைக்கு அண்ணன் செங்கல்பட்டு பஸ்ல வந்து எறங்குனா எங்க நிக்கும்?"

கிழக்கே, கடல் பக்கம் வானம் கறுத்திருக்கிறது.

செங்கல்பட்டிலிருந்து இன்னொரு பஸ் வருகிறது. பறை நிற்கிறது, மண்வெட்டிகள் நிற்கின்றன. பஸ் வேகம் குறையாமல் எங்களைக் கடந்து போகிறது.

புழுதி அடங்கும்வரை ஒருவரும் குனியவில்லை.