கிள்ளும் குழாயும் சில கிராக்கிகளும்

பீங்கான் ஃபியூஸைப் பள்ளத்தில் வைத்து அழுத்தினால் ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரும். கல்யாணமாகித் தாம்பரத்துக்கு வந்த புதிதில், விளக்கு அணைந்த மாலைகளில் என் கணவர் நாற்காலி மேல் ஏறி அதைப் போடுவார். டொக்கும் வெளிச்சமும் ஒன்றாக வரும். இப்போது அவரும் இல்லை, பீங்கானும் இல்லை. அவர் வைத்த எலெக்ட்ரிகல் கடை இருக்கிறது. கரண்ட் அதிகமானால் தானே விழுந்துவிடும் எம்.சி.பி. சுவிட்சுகளை விற்கிறேன். அதாவது, வீட்டில் ஒன்றும் நடக்காமல் இருப்பதற்குக் காசு வாங்குகிறேன். நடக்காத ஒன்றை விற்பது என்ன பாடு என்று, என்னைப் போலக் கடை வைத்து, கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பழகிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சுவருக்குள் இருப்பது

கீழ்க்கட்டளையிலிருந்து ஒருவர் வந்தார். இண்டக்‌ஷன் அடுப்பையும் அயர்ன் பாக்ஸையும் ஒரே லைனில் போட்டால் பதினாறு ஆம்பியர் சுவிட்ச் விழுந்துவிடுகிறதாம். “வீக்கா கீது மேடம், முப்பத்திரண்டு குடுங்க” என்றார். விழுவதுதான் அதன் வேலை, முப்பத்திரண்டைப் போட்டால் சுவிட்ச் விழாமல் நிற்கும், அந்த மெல்லிய ஒயர்தான் எரியும் என்றேன். கவுன்ட்டர் மேல் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

“ஒயர் சுவத்துக்குள்ளதானே கீது மேடம், யாருக்குத் தெரியப் போவுது?”

ஒரே நம்பர்

புது வீடு கட்டிய ஓர் அம்மாளுக்காக ஒரு போர்டு நிறைய சுவிட்சுகளை எடுத்து அடுக்கினேன். விளக்குக்கு ஆறு, பிளக்குக்குப் பதினாறு, ஏ.சி.க்கு இருபது, ஒவ்வொன்றும் அதனதன் ஒயருக்கு ஏற்றபடி. புடவை பார்ப்பதுபோல் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார்.

“ஹால்ல வர்றவங்க கண்ல படற இடம். எல்லாம் ஒரே நம்பரா குடுத்துடுங்களேன், லட்சணமா இருக்கும்.”

நூறு

தேவராஜ் பல வருடத்து வாடிக்கை. வயலாக இருந்த சொந்த நிலத்தில் மாடி வீடு கட்டி, மனைவி போன பிறகு கீழே தனியாக இருக்கிறார். துணைக்கு ஒரு மீன் தொட்டி. ஒரு மாதமாக அவர் வீட்டு ஆர்.சி.சி.பி. தினமும் காலையில் விழுகிறது. “வாக்கிங், கோயில்னு போய்ட்டு வரதுக்குள்ள தொட்டி மோட்டார் நின்னு போயிடுது. ரெண்டு மீன் மிதக்குது” என்றார்.

எங்கேயாவது கரண்ட் கசிந்தால் விழுவது ஆர்.சி.சி.பி. அவரிடம் இருந்தது முப்பது மில்லி ஆம்பியர். ஆளைக் காப்பாற்ற அதுதான் அளவு. அவருக்கு நூறு வேண்டும். நூறு பொறுத்துக்கொள்ளும், மனித உடம்பு பொறுக்காது என்று மூன்று தடவை சொன்னேன். மத்தியான வெயில், என் முழங்கால் வலி, பழைய வாடிக்கை. நாலாவது தடவை சொல்லாமல் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

“வீட்ல நானும் மீனும்தாம்மா. யாருக்கு ஷாக் அடிக்கப் போவுது?”

கிள்ளும் குழாய்

அன்று மாலையே ஒரு பெண்மணி தன் பத்து வயது மகளோடு எமர்ஜென்சி லைட் கேட்டு வந்தார். குளியலறையில் மாட்டவாம். “நிலா குளிக்கறப்போ தினமும் கரண்ட் போயிடுது. இருட்டுல சோப்பு தேடறது பேஜாரா இருக்கு.”

“மொதல்ல குழாய் கிள்ளும் ஆன்ட்டி. அப்புறம்தான் லைட் போகும்” என்றாள் நிலா. என்னை ஆன்ட்டி என்றதற்கு வேறொரு நாளாக இருந்தால் மகிழ்ந்திருப்பேன்.

“ஏதாவது கதை விடுவா” என்று அம்மா சிரித்தார். வீடு எங்கே என்று கேட்டேன். தேவராஜ் சார் வீட்டு மாடியாம். போன மாதம்தான் குடிவந்தார்களாம். கீழுக்கும் மேலுக்கும் ஒரே போர்டாம்.

என் கடைச் சாமான்களை வீடுகளில் மாட்டித் தரும் எலெக்ட்ரீஷியன் இப்ராஹிம் பாய்க்குப் போன் போட்டேன். “தேவராஜ் சார் வூட்லதான்க்கா கீறேன். பழசைக் கழட்டிட்டேன், நூறை மாட்டிகினு இருக்கேன்.”

“மாட்டாதீங்க பாய். மாடி பாத்ரூம்ல வெந்நீர் ஹீட்டரைப் பாருங்க. குழந்தை கையில ஷாக் அடிக்குது.”

மறுமுனையில் ஸ்க்ரூ டிரைவர் கீழே விழும் சத்தம் கேட்டது. போனை வைத்தேன். நிலா கண்ணாடி அலமாரியில் முகத்தைப் பதித்து நின்றிருந்தாள்.

“பிங்க் கலர் லைட் இருக்கா ஆன்ட்டி?”

மீன்

ஹீட்டருக்குள் கசிவு. பிளக் பாயிண்டில் எர்த் ஒயரை யாரும் இணைக்கவே இல்லை. கசிந்த கரண்ட் போக வேறு வழியில்லாமல் குழாயைத் தொட்ட அந்தக் கை வழியாகப் போயிருக்கிறது. தினமும் முப்பது விழுந்து அவளைக் காப்பாற்றியிருக்கிறது. நாங்கள் அதைத்தான் கழற்றினோம். பாய் பழையதையே திரும்ப மாட்டி, எர்த்தைச் சரிசெய்து, ஹீட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் தேவராஜ் நூறைக் கொண்டுவந்து கவுன்ட்டரில் வைத்தார். நான் முழங்காலைச் சாக்குச் சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“மீனைப் பத்தியே நெனச்சிகினு இருந்துட்டேம்மா.”

நிலா இப்போது நாவலூரில் ப்ளஸ் டூ படிக்கிறாள். கரண்ட் போகாததால் அவள் குளித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆகிறது என்று அவள் அம்மா என்னிடம்தான் குறைப்பட்டுக்கொள்கிறார்.